இரும்புக் குத்துவாள் அடித்தே நூறைத் தொட்டவர்களே, வாருங்கள்

2011 நவம்பரில் ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் வெளிவந்தபோது ஊரெல்லாம் டிராகனைத் துரத்திக்கொண்டிருந்தது. நான் அதில் வரும் வைட்ரன் நகர வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டறையில் நின்று குத்துவாள் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு இரும்புக் கட்டி, ஒரு தோல் வார், ஒரு குத்துவாள். பட்டனை அழுத்து, ஆம் சொல்லு, மறுபடி அழுத்து. அன்றைய கணக்கில் குத்துவாள் செய்தாலும் பெரிய கவசம் செய்தாலும் கொல்லர் ஸ்கில் (உச்சம் நூறு) ஒரே அளவில்தான் ஏறும். அப்படியிருக்க யார் மெனக்கெட்டுக் கவசம் செய்வார்கள்? பை நிறைந்ததும் அதே பட்டறையை நடத்தும் ஏட்ரியனிடமே விற்கப் போவேன். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். பை முழுக்க விற்றாலும் தேறுவது சில்லறைதான்.

2012இல் 1.5 பேட்ச் (விளையாட்டைத் திருத்தும் புதுப்பிப்பு) வந்து, பொருளின் விலையைப் பொறுத்து ஸ்கில் ஏறும்படி மாற்றினார்கள். சரி, ஓட்டை அடைபட்டது என்று நினைத்தேன். ஆனால் ஹால்டெட் ஸ்ட்ரீம் கொள்ளையர் முகாமில் ஒரு மந்திரப் புத்தகம் கிடைக்கும். அதைப் படித்தால் இரும்புத் தாதை வெள்ளியாக்கலாம், வெள்ளியைத் தங்கமாக்கலாம். ஒரு தங்கக் கட்டிக்கு இரண்டு மோதிரம். ஆக, கொல்லன் தட்டான் ஆனான். மோதிரமாகச் செய்து தள்ளி, ஸ்கில் நூறைத் தொட்டு, டிராகன் எலும்பில் கவசம் அடிக்கும் வித்தையைக் 'கற்றுக்கொண்டேன்'. அதற்கு முன்னால் கையில் ஒரு டிராகன் எலும்பைக்கூடத் தொட்டதில்லை.

இப்போது எனக்காக ஒரு சின்ன மோட் (விளையாட்டை நம் இஷ்டத்துக்கு மாற்றும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, 'நான் நிஜமாகவே ஒரு கொல்லன்' என்று உங்களுக்குத் தோன்றிய தருணம் எது? அது வேண்டும் எனக்கு. வெறுத்துப்போன தருணம் இருந்தால் அதுவும்.

* * *

ஸ்கைரிமுக்கு முந்தைய பாகமாக 2006இல் வந்த ஆப்லிவியனில் நீங்கள் வாள் செய்யவே முடியாது, பழுது மட்டும்தான் பார்க்கலாம். அதற்குச் சுத்தியல் வேண்டும், தட்டத் தட்ட அது உடையும். ஒருமுறை பாழடைந்த கோட்டையின் அடித்தளத்தில் மாட்டிக்கொண்டேன். வாள் தேய்ந்துபோய் அடித்தால் உறைக்கவே இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு சுத்தியல். வாளைத் தட்டுவதா, மார்க்கவசத்தைத் தட்டுவதா? வாள் என்று முடிவுசெய்தேன், இரண்டாவது தட்டிலேயே சுத்தியல் போயிற்று. எரிச்சல்தான். ஆனால் பிற்பாடு ஸ்கில் நூறைத் தொட்டு, சுத்தியல் உடையவே உடையாது என்ற நிலை வந்தபோது கிடைத்த நிம்மதி இருக்கிறதே, அந்த உடைசல்களைப் பார்க்காமல் அது கிடைத்திருக்காது. ஸ்கைரிமில் அந்தத் தேய்மானத்தையே எடுத்துவிட்டார்கள். வசதிதான், ஆனால் செய்த வாளைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது.

* * *

நான் கொஞ்சம் பழைய ஆள், அல்டிமா ஆன்லைன் காலம். பல பேர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு அது, 1997இல் வந்தது. அதில் கொல்லர் ஸ்கில் நூறைத் தொட்டவர் உயர்தரமான பொருள் ஒன்றைச் செய்தால் அதில் தன் பெயரைப் பொறிக்கலாம். யார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் இன்னார் செய்தது என்று காட்டும்.

ஒருநாள் காட்டுப்பாதையில் ஒருவன் என்னை அடித்துப் போட்டுவிட்டு, என்னிடம் இருந்ததை எல்லாம் உருவிக்கொண்டு போனான். நாலு நாள் கழித்து அதே ஆளை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மடக்கினோம். அவன் கீழே போட்ட வாளை எடுத்துப் பார்த்தால், என் பெயர். எப்போதோ நான் யாருக்கோ விற்றது, எத்தனை கை மாறியதோ தெரியாது. என் வாளாலேயே என்னை வெட்டியிருக்கிறான்! கோபம் வந்திருக்க வேண்டும், எனக்கு வந்தது பெருமை. நல்ல சரக்காகத்தான் செய்திருக்கிறேன். உங்கள் மோடில் வேறு எதுவும் வைக்காவிட்டாலும் பெயர் பொறிப்பதை வையுங்கள்.

* * *

கிங்டம் கம் விளையாட்டின் முதல் பாகத்தில் (2018) கதாநாயகன் ஹென்றி கொல்லன் மகன், ஆனால் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. சாணைக்கல்லில் தீட்டுவதோடு சரி. 2025இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் உலையைத் திறந்துவிட்டார்கள். மாயமந்திரம் இல்லாத 1403ஆம் வருடத்துப் பொஹீமியா அது, இருந்தாலும் சொல்கிறேன். துருத்தியை ஊதி, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அடைகல்லில் வைத்துத் தாளத்தோடு அடிக்க வேண்டும். தாளம் சரியாக விழுந்தால் ஹென்றி சீட்டியடிக்க ஆரம்பிப்பான். தப்பினால் சீட்டி நின்றுவிடும். திரையில் மீட்டர் எதையும் பார்க்கத் தேவையில்லை, காது போதும். நான் விளக்கை அணைத்துவிட்டு அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்கள்.

* * *

மேலே சொன்ன சீட்டி முதல் பத்து லாடம் வரைக்கும் அருமை. முப்பதாவது லாடத்தில் எனக்கு மணிக்கட்டு வலித்தது. மோட் எழுதுபவரே, தயவுசெய்து, ஒருமுறை நன்றாகச் செய்த பொருளை அடுத்தமுறை ஒரே பட்டனில் செய்ய விடுங்கள்.

* * *

விட்சர் 3 (2015) பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் கதாநாயகன் கெரால்ட் சுத்தியலைத் தொடுவதில்லை, கொல்லரைத் தேடிப் போக வேண்டும். குரோஸ் பெர்ச்சில் ஃபெர்கஸ் என்று ஒருவர் 'நான்தான் பெரிய ஆசாரி' என்று மார்தட்டுவார், பக்கத்தில் யோவானா என்ற பெண் வாய் பேசாமல் உதவியாளாக நிற்பாள். உண்மையில் வேலை முழுக்க அவளுடையது. அவளுக்கு வேண்டிய கருவிகளைத் தேடி அண்ட்விக் தீவு வரை நான் படகு ஓட்டினேன். கடைசியில் அவள் செய்த மார்க்கவசத்தை எல்லோர் முன்னிலும் சோதித்துப் பார்க்கும் காட்சியில், நானே அடித்த மாதிரி நெஞ்சு படபடத்தது. ஸ்கில் எண் எதுவுமே ஏறவில்லை அங்கே.

* * *

நான் விடுமுறை நாட்களில் நிஜமாகவே கொஞ்சம் இரும்பு அடிப்பவன். விளையாட்டுகளில் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான்: வாளைத் தண்ணீரில் முக்கிச் 'சுர்' என்று ஆவி வந்ததும் வேலை முடிந்தது என்கிறார்கள். முக்கி எடுத்த எஃகு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் தெறிக்கும். அதற்கப்புறம்தான் மெதுவாகச் சூடு காட்டி அதன் முறுக்கைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள் வரும், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். கத்தி முனைக்கு மஞ்சளில் நிறுத்த வேண்டும், ஸ்பிரிங்குக்கு நீலம் வரை போகலாம். என் முதல் கத்தியைத் தண்ணீரில் முக்கியபோது 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், குறுக்கே மயிரிழை விரிசல். இரண்டு வாரத்து வேலை. ஆனால் எண்ணெயில் முக்க வேண்டிய எஃகு எது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் மோடில் அந்த 'டிங்' கேட்க வேண்டும். அதற்கும் ஸ்கில் ஏற வேண்டும்.

* * *

முதல் பதிவு போட்டவன்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். ஒரு பொருளை முதல்முறை செய்தால் ஸ்கில் நிறைய ஏறும், அதையே திரும்பச் செய்தால் ஒவ்வொரு தடவையும் பாதிப் பாதியாகக் குறையும். பெயர் பொறிப்பது வந்துவிட்டது. மணிக்கட்டு வலிக்காரருக்கு ஒரு பட்டனும் உண்டு.

'டிங்' பெரும்பாடு படுத்தியது. சத்தத்தைச் சேர்த்துச் சோதித்தேன். மூன்றாவது வாள் விரிசல் விட்டது. அடுத்த நொடி என் விரல் தானாகப் போய்ப் முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தை லோட் செய்துவிட்டது. நானே எழுதிய விதி, நானே ஏமாற்றுகிறேன்!

நேற்று ஒன்றைச் சேர்த்தேன். விரிசல் விட்ட வாளை உருக்கினால் பாதி இரும்பு திரும்பக் கிடைக்கும், அந்த வகை எஃகு அடுத்தமுறை விரிசல் விடும் வாய்ப்பும் குறையும். ராத்திரி ஒன்றரை மணிக்கு மறுபடி ஒரு 'டிங்'. இந்தமுறை லோட் செய்யாமல் துண்டை எடுத்து உலையில் போட்டேன்.