புதுப்பிப்பு: எங்கள் தமிழ்ப்பள்ளியின் நூற்றாண்டு விழா

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலுள்ள எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்குப் பழைய நிழற்படங்களும் வகுப்புப் பதிவேடுகளும் வேண்டுமென்று இரண்டு மாதங்களுக்கு முன் இந்த இழையில் கேட்டிருந்தேன். விழா சென்ற சனிக்கிழமை நடந்தேறியது. பதிவேடு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஈப்போவிலும் கிள்ளானிலும் குடியேறிவிட்ட முன்னாள் மாணவர்கள் அறுபதுக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எதிர்பாராமல் கிடைத்தது பள்ளி மணிதான். அந்நாளில் மணியாகத் தொங்கவிடப்பட்டிருந்த தண்டவாளத் துண்டு, ரப்பர் ஆலையின் பழைய கொட்டகையில் துருவேறிக் கிடந்ததை, ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத் தொழிலாளர் மேற்பார்வையாளர்) ஒருவர் தேடியெடுத்துத் தம் மோட்டார் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு வந்தார். சுத்தியல் பட்டுப் பட்டு அதன் நடுப்பகுதி குழிந்திருந்தது. வந்திருந்தவர்களில் மிக மூத்த மாணவியான பாட்டி ஒருவர் அதை மூன்று முறை தட்டி விழாவைத் தொடக்கிவைத்தபோது, பின்வரிசைப் பெரியவர்கள் சிலர் பழக்கத்தில் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

ஒரு திருத்தம்: தோட்ட நிர்வாகம் மனமுவந்து பள்ளியைத் திறந்ததாக முன்பு எழுதியிருந்தேன். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியிருந்ததை அப்போது நான் கருத்தில் கொள்ளவில்லை.

படங்கள் இப்போது பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. நகல் வேண்டுவோர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை அணுகலாம்.