போரில் இறங்கும் முன்பே ஹிட்லருக்கு ஒரு குத்து: கேப்டன் அமெரிக்கா முதல் இதழ்

கேள்வி:
கேப்டன் அமெரிக்கா காமிக்ஸின் முதல் இதழில் 1941 மார்ச் என்று அச்சாகியிருக்கிறது. அட்டையிலோ நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துவிடுகிறான். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1941 டிசம்பரில்தான் அமெரிக்கா போரில் இறங்கியது என்னும்போது, இதை அரசின் போர்ப் பிரசாரம் என்று சொல்வது பொருந்துமா? கேடயம் வட்டமாக இல்லாததற்கும் காரணம் உண்டா?

பதில் 1:
இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. கடைக்காரர்கள் இதழைப் பழையதென்று விரைவில் அகற்றிவிடக் கூடாது என்பதற்காக, வரவிருக்கும் மாதமொன்றை அட்டையில் அச்சிடுவது அன்றைய வழக்கம். ஆகவே இந்த இதழ் 1940 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் அப்போது போர் நடந்துகொண்டிருந்ததால் 'போர்க்கால இதழ்' என்பதில் தவறில்லை, ஆனால் அரசின் பிரசாரம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கா போரிலிருந்து விலகியே நிற்க வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த வேளையில், கேப்டன் அமெரிக்காவைப் படைத்தவர்களும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்களுமான ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் தம் நிலைப்பாட்டை வெளிப்படையாக வரைந்துகாட்டினார்கள். அதற்காக மிரட்டல் கடிதங்கள் வந்ததையும், நியூயார்க் மேயர் லா கார்டியா தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்புக்கு உறுதியளித்ததையும் சைமன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பதில் 2:
எம்எல்ஜே என்ற போட்டி காமிக்ஸ் நிறுவனத்தின் 'ஷீல்ட்' என்ற நாயகனும் தேசக்கொடி வண்ணத்தில்தான் உடுத்தியிருந்தான். அவனுடைய மார்புக் கவசத்தைப் போலவே இந்த முக்கோணக் கேடயம் இருக்கிறது என்று அந்நிறுவனம் ஆட்சேபித்ததால், இரண்டாம் இதழிலேயே அது வட்டமாகிவிட்டது. அந்த ஆட்சேபத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் என்பேன், ஏனெனில் எறிவதற்கு வட்டம்தானே வாகு! கேடயத்தை எறியும் உத்தி, மூன்றாம் இதழில் ஸ்டான் லீ எழுதிய உரைநடைக் கதையில் முதன்முறையாக வருகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பத்து சென்ட்டுக்குப் பெருமளவில் விற்ற இதழ் இன்று இவ்வளவு அரிதாகிவிட்டது எப்படி?

பதில் 3:
யாரும் அதைச் சேமிக்கத்தக்க பொருளாகக் கருதவில்லை. படித்தார்கள், கைமாற்றினார்கள், எறிந்தார்கள். போர் தொடங்கியபின் நாடெங்கும் பழைய காகிதம் திரட்டப்பட்டபோது, ஹிட்லரைக் குத்திய இதழ்களும் அந்தக் கட்டுகளில் சேர்ந்து போருக்கே போயின. எஞ்சியவற்றைக் காகிதமே அரித்தது: மலிவான செய்தித்தாள் காகிதத்தில் மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருப்பதால், ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறி, உள்ளே அமிலம் கூடி, மடிப்போரங்கள் அப்பளமாக நொறுங்கும். உங்களிடம் ஒரு பிரதி இருந்து, அதன் தாள்கள் பளிச்சென்று வெண்மையாக இருந்தால், முதலில் அது பிற்கால மறுபதிப்பா என்று பாருங்கள்.