மாரிக்கு முன் கூரை ஏறுமா?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் 900 சதுர அடியில் வீடு கட்டப் போகிறேன். ஓகஸ்ட்டில் அத்திவாரம் வெட்டினால் நவம்பருக்குள் கூரை போடலாம் என்கிறார் மேசன். நம்பலாமா? கையில் இருப்பது அளவான காசு.

பதில் 1: தம்பி, எல்லாம் சரியாக நடந்தால் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் மேசன் நாள் சொல்லுவார். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று நாட்கணக்குக் கேளுங்கள். அத்திவாரத்துக்கு நல்லபடி போனால் 10 நாள், வழமையாக 14, மணல் வராமல் மழையும் பிடித்தால் 30 என்றால், நடுக் கணக்கை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க 16 வரும். அந்த 16ஐத்தான் திட்டத்தில் போடவேண்டும், 10ஐ அல்ல.

பதில் 2: கணக்கு சரி, ஆனால் எங்கள் பக்கத்தில் ஒக்டோபரில் மாரி தொடங்கினால் வகுத்தல் எல்லாம் வெள்ளத்தில் போகும், 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தது ஞாபகம் இருக்குத்தானே. பெப்ரவரியில் தொடங்குங்கள். இல்லை ஓகஸ்ட்தான் என்றால் அத்திவாரத்தோடு நிறுத்தி, மண் நிரப்பி, மாரியை அப்படியே கழியவிடுங்கள். சீமெந்தை மட்டும் முன்கூட்டி வாங்கி அடுக்காதீர்கள், ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும். (நான் அடுக்கினேன். பிறகு வாசலில் படியாகக் கிடந்தது.)

பதில் 3: காசில் பத்தில் ஒன்றைத் தொடாமல் வையுங்கள். 2022இல் சீமெந்து மூடை 3000 ரூபாயைத் தாண்டியபோது பாதிச் சுவரோடு நின்றவர்கள் எத்தனை பேர்! மேசனுக்கும் வேலை முடிந்த அளவுக்கே கொடுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணைமார். அப்ப பெப்ரவரிதான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை, தைக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்துவிட்டார்.