கழிமுகத்தில் தாக்குப்பிடிக்கும் ரப்பர் மீன்: பி.வி.சி.யா, டி.பி.இ.யா?

நீலவாய்:
கழிமுகத்திலும் அலையாத்தி வேர்களின் ஓரத்திலும் கொடுவா, செப்பிலி, பாறை ஆகியவற்றுக்காக ஜிக்ஹெட்டில், அதாவது ஈயத் தலை வார்த்த தூண்டில் முள்ளில், ரப்பர் மீன் கோத்து வீசுகிறேன். பெரிய மீன் கடித்து இரை கிழிந்தால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பேத்தை மீன்கள் வாலை மட்டும் கத்தரித்துவிட்டுப் போய்விடுகின்றன. வால் போனபின் மிஞ்சும் கட்டையை எந்த மீனும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொரு தொல்லை, கடியே இல்லாதபோதும் வீசும் வேகத்தில் இரை ஈயத் தலையை விட்டு நழுவி முள்ளின் வளைவுக்குள் சுருண்டுவிடுகிறது. மூன்று முதல் ஐந்து அங்குலம் வரையுள்ள இரைகளைப் பயன்படுத்துகிறேன். நீடித்து உழைப்பதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சுழல்வால்:
டி.பி.இ. வகைக்கு மாறுங்கள். தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் என்னும் இந்தப் பொருளில் செய்த இரைகளில் இசட்மேன் நிறுவனத்தின் இலாஸ்டெக் பரவலாகத் தெரிந்த பெயர். தலையையும் வாலையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல மடங்கு நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பும். வழக்கமான பி.வி.சி. இரை அந்த இழுப்பில் பாதி வழியிலேயே அறுந்துவிடும். பேத்தையின் பற்கள் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக ஒட்டி அலகுபோல் இருப்பவை. அந்த அலகுக்கு எதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் ஒரே கடியில் துண்டாவதும் பல கடிகளைத் தாங்குவதும் ஒன்றாகாது.

இன்னொரு நன்மை, டி.பி.இ. மிதக்கும். ஜிக்ஹெட் தரையில் அமர்ந்ததும் உடல் மேல்நோக்கி எழுந்து நிற்கும். நண்டோ இறாலோ தற்காப்புக்கு நிமிரும் தோற்றம் அது. தரையை ஒட்டி மேயும் மீன்களுக்கு இதைவிட நல்ல அழைப்பு இல்லை.

ஆழ்நூல்:
சுழல்வால் சொன்னதில் இழுவிசை பற்றிய பகுதியை ஏற்கிறேன். அதிலிருந்து எல்லாரும் டி.பி.இ.க்கு மாற வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் ஏற்க முடியாது. பி.வி.சி. என்பது ஒரே பொருள் அல்ல. பி.வி.சி. தூளை பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து, ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அச்சில் வார்க்கிறார்கள். திரவம் கூடினால் இரை மென்மையாகும், கிழியவும் செய்யும். குறைந்தால் உறுதியாகும், வாலின் துடிப்பு மட்டுப்படும். உப்புத் தூள் சேர்ப்பதும் உண்டு. இரை கனமாகி வேகமாக அமிழும், மீனுக்குச் சுவையும் கிடைக்கும் என்பதற்காக. அந்த உப்புத் துகள்களே உடலுக்குள் இடைவெளிகளாகி இரையைப் பலவீனப்படுத்துகின்றன. ஆகவே பேத்தை நிறைந்த நீருக்கு உப்பில்லாத, சற்றுக் கடினமான பி.வி.சி. போதும். பாக்கெட்டின் மேல் விரலை அழுத்தி மென்மையைச் சோதித்தே வாங்கலாம்.

மிதப்பது எப்போதும் நன்மை என்பதையும் மறுக்கிறேன். நீரோட்டம் பலமாக உள்ள முகத்துவாரத்தில் இரை விரைவாக இறங்க வேண்டும். அதே ஜிக்ஹெட்டில் டி.பி.இ. மெதுவாகத்தான் இறங்கும். அதே அளவுள்ள பி.வி.சி. இரையைவிட எடை குறைவு என்பதால் எதிர்க்காற்றில் வீச்சுத் தூரமும் குறையும். கொடுவா பெரும்பாலும் இரை இறங்கும்போதே கடிக்கிறது. இறங்கும் வேகத்தைக் கைவிட்டு உழைப்பை வாங்குவது நட்டக் கணக்கு.

சுழல்வால்:
எடை குறைவு என்றால் ஒரு படி கனமான ஜிக்ஹெட் போட்டால் போயிற்று. பத்து கிராமுக்குப் பதில் பதினான்கு கிராம்.

ஆழ்நூல்:
கனமான தலை வேர்களுக்குள் அதிகம் சிக்கும். இரை கிழியாமல் இருக்க, இரையோடு ஜிக்ஹெட்டையும், அதற்கு முன் கட்டும் லீடர் நரம்பையும் சேர்த்து இழக்கச் சொல்கிறீர்கள்.

முள்வாசி:
இருவரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். நீலவாய் சொன்னது இரண்டு தனித்தனிச் சேதங்கள். ஒன்று வால் போவது, மற்றொன்று மூக்கு கிழிந்து இரை நழுவுவது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மூக்கை முதலில் பார்ப்போம். அநேக ஜிக்ஹெட்களில் முள்ளின் தண்டைச் சுற்றி ஈயத்தாலான தடித்த கழுத்தும் அதில் ஒரு கொக்கியும் இருக்கும். அந்தக் கழுத்தை மென்மையான பி.வி.சி.க்குள் தள்ளும்போதே மூக்குப் பிளக்கத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு வீச்சும் பிளவை நீட்டும். மெல்லிய கம்பியாலான பிடிப்பு உள்ள ஜிக்ஹெட் அல்லது மூக்குக்குள் திருகி ஏற்றும் சுருள்கம்பி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். டி.பி.இ.யின் கதை தலைகீழ். அது பிளப்பதில்லை, ஆனால் தடித்த கழுத்தின் மேல் ஏறவே மறுக்கும். பலவந்தமாக ஏற்றினாலும் இழுபட்டு மெல்லப் பின்வாங்கிவிடும். அதற்கும் மெல்லிய பிடிப்புதான் பொருத்தம். முள்ளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கோத்தால் எளிதாக ஏறும்.

எந்தப் பொருளானாலும் முள் உடலின் நட்டநடுவில் போய், நேர்க்கோட்டில் வெளியே வர வேண்டும். கோப்பதற்கு முன் ஜிக்ஹெட்டை இரையின் பக்கவாட்டில் வைத்து, முள் வெளிவர வேண்டிய இடத்தை நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். கோணலாகக் கோத்த இரை நீரில் சுழலும், சுழலும் இரை மூக்கிலிருந்தே கிழியும். இந்த ஒரு பழக்கம் இல்லாதவர்களுக்கு எந்த விலையுயர்ந்த ரப்பரும் உழைக்காது.

இப்போது வால். துடுப்பு வால் நன்றாக ஆட வேண்டுமானால் உடலும் வாலும் சேரும் இணைப்பு மெலிந்திருக்க வேண்டும். மெலிந்த இடம்தான் முதலில் போகும். சுருள் வால் அதைவிட மோசம். பேத்தை மொய்க்கும் நாளில் தனி வால் இல்லாத, நீண்டு கூம்பிய உடல் கொண்ட ஜெர்க் ஷாட் வகையைக் கட்டுங்கள். முனை கொஞ்சம் போனாலும் அதன் அசைவு உங்கள் ராடின், அதாவது தூண்டில் கோலின், சுண்டலில் இருந்து வருகிறது, எனவே இரை தொடர்ந்து வேலை செய்யும்.

நீலவாய்:
முள்வாசி அண்ணா, இது தெளிவாக இருக்கிறது. வேர்களுக்குள் வீசும்போது முனையை உடலுக்குள் மறைத்துக் கோக்கும் அகன்ற வளைவு முள்ளையும் பயன்படுத்துகிறேன். அதற்கும் டி.பி.இ. சரிவருமா?

ஆழ்நூல்:
அங்கேதான் டி.பி.இ.யின் பெரிய குறை இருக்கிறது. மறைத்துக் கோத்த முள் வேலை செய்ய வேண்டுமானால், மீன் கடித்தவுடன் ரப்பர் நசுங்கி, முனை கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். மென்மையான பி.வி.சி. அந்த நொடியில் வழிவிடும். டி.பி.இ. முள்ளைப் பற்றிக்கொண்டு கூடவே நீளும். செப்பிலி கடித்த மறுகணம் வேருக்குள் திரும்பிவிடும் மீன். அங்கே அரை நொடி தாமதம் என்றாலும் மீன் போய்விடும். கிழியாத தன்மையே அங்கே குறையாகிறது.

சுழல்வால்:
தடித்த உடலுள்ள டி.பி.இ.க்கு இது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். முதுகிலோ வயிற்றிலோ நீளவாட்டில் பள்ளம் விட்டு வார்த்த வடிவங்கள் இருக்கின்றன. முனையை அந்தப் பள்ளத்தில் சாய்த்து வைத்தால் துளைக்க வேண்டிய ரப்பர் மிகக் குறைவு. அத்துடன் முனையைத் தோலுக்கடியில் மயிரிழை அளவுக்கு மட்டும் செருகுங்கள். ராடும் சற்று விறைப்பானதாக இருக்கட்டும்.

கரைக்காவல்:
உழைப்பு என்பது நம் செலவோடு மட்டும் முடிகிற விஷயமல்ல. கிழிந்து விழும் ஒவ்வொரு வாலும் நீரில் தங்கும் பிளாஸ்டிக். மீன்கள் அதை விழுங்குகின்றன, அது செரிப்பதில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013-இல் ரப்பர் இரைகளைத் தடை செய்ய மசோதாவே வந்தது. பிறகு அது தடையாகாமல் ஆய்வாக மாறியது. தாலேட் வகைச் சேர்மங்கள் பிளாஸ்டிசைசராகப் பயன்படுவதும் கவலைக்குரியது. தாலேட் இல்லை என்று குறிப்பிட்டு விற்கும் பி.வி.சி. இரைகளும் உண்டு, பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். ஒரு பாக்கெட்டை ஒரே காலையில் காலி செய்யும் மென் பி.வி.சி.யை பேத்தை இருக்கும் நீரில் வீசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சேதமான இரைகளைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருவதும் நம் பொறுப்பு.

ஆழ்நூல்:
பையில் போடுவதில் எனக்கும் உடன்பாடு. கிழிந்த பி.வி.சி.யைத் தூக்கிப்போடவும் வேண்டாம். பிளந்த இரு ஓரங்களையும் சூடான கத்தி முனையால் உருக்கி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகையை முகர வேண்டாம். ஆனால் ஒரு டி.பி.இ. இரை லீடரோடு அறுந்துபோனால் அதுவும் நெடுங்காலம் நீரிலேயே கிடக்கும். உறுதியான பொருள் என்பதற்காக அது தூய்மையான பொருளாகிவிடாது.

கரைக்காவல்:
உண்மைதான். ஆனால் அறுந்து தொலையும் முழு இரைகளைவிடக் கடிபட்டு விழும் துண்டுகளையே நான் அதிகம் பார்க்கிறேன்.

நீலவாய்:
அப்படியானால் திறந்த மணல் தரைக்கும் பேத்தை உள்ள இடங்களுக்கும் டி.பி.இ. ஜெர்க் ஷாட், வேர்களுக்குள் மறைமுள்ளில் உப்பில்லாத பி.வி.சி. என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஒரே பெட்டியில் போடலாமா?

சுழல்வால்:
வேண்டவே வேண்டாம். பி.வி.சி.யில் உள்ள பிளாஸ்டிசைசர் கசிந்து டி.பி.இ.யில் ஏறும். இரண்டும் சேர்ந்து உருகிப் பிசினாகிவிடும். டி.பி.இ.யை அதன் சொந்தப் பாக்கெட்டிலேயே மட்டமாக வையுங்கள். மடங்கிக் கிடந்தால் அந்த வளைவு உடலில் தங்கிவிடும். வளைந்த இரை நேராக நீந்தாது.

ஆழ்நூல்:
பி.வி.சி.யையும் கண்ட பெட்டியில் போடாதீர்கள். பாலிஸ்டைரீன் பெட்டியின் சுவரையே அது கரைத்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் விடாதீர்கள். நிறங்களைத் தனித்தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் கறுப்பின் சாயம் வெள்ளையில் ஏறிவிடும்.

நீலவாய்:
நழுவுவதைத் தடுக்கப் பசை போடலாமா?

முள்வாசி:
போடலாம். சயனோஅக்ரிலேட் பசையில், நீர்போல ஓடும் வகையை விட்டுக் கூழ் வகையை வாங்குங்கள். டி.பி.இ.யில் அது நன்றாகப் பிடிக்கும். இரை ஏறக்குறைய முழுவதும் ஏறிய பின், ஈயத் தலைக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சிறு துளி, பிறகு இறுக்கித் தள்ளிச் சில நொடிகள் பிடித்திருங்கள். ஈயத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். அந்தப் பசை ஈரத்தால்தான் இறுகும் என்பதால் லேசான ஈரம் தடையாகாது.

சுழல்வால்:
வீட்டிலேயே ஒட்டி எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

ஆழ்நூல்:
அப்படிச் செய்தால் களத்தில் தலையின் எடையை மாற்ற முடியாது. நீரோட்டம் மாறும் நேரத்தில் அதே இரையைக் கனமான தலைக்கு மாற்ற நான் விரும்புவேன். ஒரே எடையில் மீன்பிடிக்கும் இடமென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒட்டுங்கள்.