கூலி, தக் லைஃப், கங்குவா: எதிர்பார்த்தது நம்ம தப்பா, ஏற்றிவிட்டவர்கள் தப்பா?

வடசேரிக்காரன்:
கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் பெரிய படம் என்று நம்பிப் போனதில் எது சொன்னபடி இருந்தது, யாராவது சொல்லுங்கள். இந்தியன் 2 முடிந்ததும் இந்தியன் 3 டிரெய்லரைப் போட்டார்கள், மூன்று மணி நேரப் படத்தைவிட அதுதான் தேவலாம் என்று பேசிக்கொண்டே வெளியே வந்தோம். கங்குவா 2000 கோடி வசூலிக்கும் என்று தயாரிப்பாளரே பேட்டி கொடுத்தார். படம் வந்த பிறகு சவுண்டை இரண்டு பாயிண்ட் குறைத்து ஓட்டுங்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்க வேண்டியதாயிற்று. நான் பார்த்த ஷோவில் பக்கத்து சீட் பெரியவர் டிக்கெட்டைக் கிழித்து உருட்டி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இடைவேளையில்கூட எடுக்கவில்லை.

இதில் என் வயிற்றெரிச்சல் தக் லைஃப்தான். நாயகன் வந்தது 1987, அதற்குப் பிறகு மணிரத்னமும் கமலும் சேர்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பாட்டு வெளியீட்டு விழாவில் சின்மயி பாடிய முத்த மழை எல்லார் போனிலும் ஓடியது, அந்தப் பாட்டைத் திரையில் பார்க்கவே என் வீட்டம்மா கிளம்பினாள். தியேட்டரில் படம் முடிகிறது, பாட்டைக் காணோம். படத்தில் வைக்கவே இல்லையாம். இதற்குப் பிறகும் நீ ஏன் எதிர்பார்த்தாய் என்று என்னைக் கேட்டால் எப்படி?

மார்த்தாண்டம் மாஸ்:
அண்ணே, சவத்த விடுங்க. எதிர்பார்ப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தப் படமும் கனக்கத்தான் செய்யும். கூலிக்கு இங்கே முதல் காட்சி 9 மணி, கேரளத்தில் 6 மணி. நாங்கள் பசங்களாகச் சேர்ந்து இருட்டோடு பைக்கை எடுத்து, களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் போய்ப் பார்த்தோம். பாதி வழியில் நல்ல மழை, நனைந்த சட்டையோடுதான் விசில். தலைவர் 1975 ஆகஸ்டில் அபூர்வ ராகங்கள் படத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தவர், இது 2025 ஆகஸ்ட். ஐம்பது வருடம் கழித்தும் அந்த ஆள் நடந்து வந்தால் தியேட்டர் எழுந்து நிற்கிறது. அதற்குக் கொடுத்த காசு அது. லாஜிக் வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்து சுடோகு போடலாம்.

வடசேரிக்காரன்:
தம்பி, நடந்து வந்தது பிடித்தது, எனக்கும்தான். அப்புறம்? பிணத்தை உட்காரவைத்து எரிக்க சத்யராஜ் ஒரு நாற்காலி கண்டுபிடிக்கிறார், அதிலிருந்து ஒரு கதை கிளம்பும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டார்கள். ஆமிர் கானை மும்பையிலிருந்து கூட்டி வந்தது பீடி பற்றவைக்கவா? படத்தில் உருப்படியாக வேலை பார்த்தது மலையாள நடிகர் சௌபின் ஒருவர்தான். டைரக்டர் லோகேஷ் பெயரைப் போட்டு விற்றதால்தான் லோகேஷ் படத்தை எதிர்பார்த்தேன், வானத்திலிருந்து குதித்த ஆசை இல்லை.

குழித்துறை அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் உங்கள் காசுக்குச் சண்டை போடுகிறீர்கள். நான் பிள்ளைகளோடு போகலாம் என்று இருந்தேன், பார்த்தால் ஏ சர்டிபிகேட். ரஜினி படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது என்றால் அது என்ன ரஜினி படம்? யு/ஏ கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், மனு தள்ளுபடி. சின்னவன் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

அதே மாதக் கடைசியில் வந்த லோகா எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்தோம். மலையாளத்திலேயே பார்த்தோம், எங்கள் பக்கம் அதற்கு யாருக்கும் டப்பிங் தேவையில்லை. கல்யாணி பிரியதர்ஷனை அப்படி ஒரு வேடத்தில் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ரஜினி படத்தோடு வைத்துப் பார்த்தால் செலவு ஒன்றுமே இல்லை, வசூல் 300 கோடி தாண்டியது என்கிறார்கள். அதில் வருகிற நீலி யார்? கள்ளியங்காட்டு நீலி, நம் பக்கத்து யட்சி. கள்ளியங்காடு எங்கே இருக்கிறது, நாகர்கோவில் பக்கத்தில். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டே வளர்ந்திருப்பார்கள். நம் வீட்டு வாசலில் கிடந்த கதையைக் கொச்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் பெங்களூரில் சூப்பர் ஹீரோ ஆக்கிவிட்டார்கள். இங்கே இருநூறு, முந்நூறு கோடி போடுகிறவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

பார்வதிபுரம் பாலம்:
அக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே கதையைத் தமிழில், ஒரு நடிகையை முன்னால் வைத்து எடுத்திருந்தால் இங்கே யார் முதல் நாள் போயிருப்பீர்கள்? ஓடிடியில் வரட்டும் என்றிருப்பீர்கள். மெய்யழகன் நினைவிருக்கிறதா? இன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றி உருகாத ஆள் இல்லை. 2024 செப்டம்பரில் தியேட்டரில் ஓடியபோது நீளம் நீளம் என்று கத்தி, படம் வந்த பிறகு 18 நிமிடத்தை வெட்ட வைத்தது யார்? அதே ஆட்கள்தான். நான் போன ஷோவில் ஆள் இல்லாத வரிசைகளே அதிகம், முன்னால் ஒருவர் காலை நீட்டித் தூங்கினார். ஏமாற்றுகிறார்கள் என்று புலம்புகிறீர்கள், ஏமாற்றாத படம் வந்தால் வீட்டில் இருக்கிறீர்கள்.

வடசேரிக்காரன்:
ஓய், அப்படியானால் லப்பர் பந்து எப்படி ஓடியது? மெய்யழகனுக்கு ஒரு வாரம் முன்னால் வந்த படம். ஹரிஷ் கல்யாணையும் அட்டகத்தி தினேஷையும் வைத்து, கிரிக்கெட்டில் மாமனார் மருமகன் சண்டை, பழைய விஜயகாந்த் பாட்டு ஒன்று, அவ்வளவுதான். யாரும் கோடிக் கணக்கு பேசவில்லை. ஆட்கள் பார்த்துவிட்டு வந்து பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லித்தான் கூட்டம் சேர்ந்தது. டூரிஸ்ட் ஃபேமிலியும் அப்படித்தான். 2025 மே 1, அதே நாளில் சூர்யாவின் ரெட்ரோ. புது டைரக்டர், சசிகுமார், சிம்ரன், இலங்கையிலிருந்து படகில் வந்து சேரும் ஒரு குடும்பம். கடைசியில் எதைப் பற்றி ஊர் பேசியது?

மார்த்தாண்டம் மாஸ்:
அண்ணே, டூரிஸ்ட் ஃபேமிலி எனக்கும் பிடித்தது. அம்மாவோடு பார்த்தேன், அம்மா அழுதது, நான் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஆனால் அதற்கு யாராவது விடியற்காலை மழையில் பார்டர் தாண்டுவார்களா? இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். ஒன்று படம், ஒன்று கோயில் கொடை விழா. கொடை விழாவில் போய் வசனம் சரியில்லை என்று எழுதுகிறீர்கள்.

குழித்துறை அக்கா:
கொடை விழாவுக்குப் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள் தம்பி.

பார்வதிபுரம் பாலம்:
அக்கா அடித்தது சிக்ஸர். இருந்தாலும் கேட்கிறேன், ஜெயிலர் 2 வந்தால் இங்கே எத்தனை பேர் முதல் நாள் போகமாட்டீர்கள்? வடசேரி அண்ணன் முதலில் சொல்லட்டும்.

வடசேரிக்காரன்:
போவேன். போய்விட்டு வந்து இங்கேயே எழுதுவேன். காசு கொடுத்தவன் வாயை மூட வேண்டும் என்று எந்த டிக்கெட்டில் அச்சடித்திருக்கிறது?

மார்த்தாண்டம் மாஸ்:
அப்படியானால் எங்களோடு 6 மணி ஷோவுக்கே வந்துவிடுங்கள் அண்ணே, பைக்கில் பின்னால் இடம் இருக்கிறது. வழியில் மட்டும் லாஜிக் பேசக் கூடாது.