உப்புக்காற்றில் ஓடாத மை: யாருக்கு என்ன அனுபவம்?

பாம்பன்கோடு

வீட்டுக் குழாயடியில் அசையாத மை கடற்கரையில் ஏன் கரைந்தது என்பது இன்னும் மண்டையைக் குடைகிறது, அதனால்தான் எழுதுகிறேன். குந்துகாலில் கரையேற்றிப் போட்டிருந்த வள்ளம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். பேனாவில் கறுப்பு பிக்மெண்ட் மை. புட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ராத்திரி போட்ட கோட்டைக் காலையில் குழாயில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், ஒரு இழைகூடக் கலையவில்லை. குந்துகாலில் கச்சான் காற்று நல்ல வேகம். வள்ளத்தின் முன்முனை, அதாவது அணியத்து வளைவை இழுத்து முடித்துப் பேனாவை எடுக்கிறேன், அலைச் சாரல் தாளில் விழுகிறது. துடைக்கவில்லை, கை வைக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். துளிக்குள் கோடு கொஞ்ச நேரம் கறுப்பாக அப்படியே கிடந்தது. பிறகு அதன் வெளி ஓரத்திலிருந்து சாம்பல் நிறம் கிளம்பி, துளியின் விளிம்பு வரைக்கும் போய் நின்றது. காய்ந்தபோது அணியத்தைச் சுற்றி அழுக்கு வளையம். அதே சாரலில் நனைந்த அடிப்பலகைக் கோடு, அது நான் வந்து உட்கார்ந்ததும் போட்டது, கொஞ்சமும் மாறவில்லை. ஒரே மை, ஒரே தாள், ஒரே சாரல். நம் கடலோரத்தில் வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

உச்சிப்புளி டிராயிங் டீச்சர்

தம்பி, பதில் உங்கள் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. அடிப்பலகை காய்ந்திருந்தது, அணியம் காயவில்லை. மையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. சாய மையில் நிறம் தண்ணீரோடு கரைந்தே இருக்கும், பிக்மெண்ட் மையில் கரையாத கரித்துகள் மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் வற்றி அந்தத் துகள் தாளின் நாரில் போய் உட்கார்ந்த பிறகுதான் அது வாட்டர்ப்ரூஃப், அதுவரைக்கும் அது வெறும் கரித்தண்ணீர். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது காய நேரம் எடுக்கும். தாளில் ஏற்கெனவே உப்பு படிந்திருந்தால் அந்த உப்பே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

என்னை உறுத்துகிற சம்பவம் வேறு. அரியமான் சவுக்குத் தோப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தேன். எல்லோருக்கும் ஒரே கார்பன் மைதான், அதாவது இந்தக் கரித்துகள் மைதான் கொடுத்தேன். ஒரு பிள்ளை ஜெராக்ஸ் தாளில் வரைந்தாள், பக்கத்தில் இருந்தவள் அப்பா வாங்கிக் கொடுத்த முந்நூறு ஜிஎஸ்எம் கெட்டி வாட்டர்கலர் தாளில் வரைந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தூரிகையை நனைத்து நீலம் பூசினார்கள். ஜெராக்ஸ் தாளில் கோடு இம்மி பிசகவில்லை, விலை உயர்ந்த தாளில் சவுக்கு மரம் முழுக்க ஈசிக்கொண்டு வானம் சாம்பல் ஆகிவிட்டது. வாட்டர்கலர் தாளில் தண்ணீர் உடனே உறிஞ்சாமல் இருக்கப் பசை ஏற்றியிருப்பார்கள், மை அதன் மேலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கும். இது எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அப்பா வாங்கிக் கொடுத்த தாள் டீச்சர் என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கீழக்கரை பத்திரம்

பிக்மெண்ட் பிக்மெண்ட் என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறீர்கள். நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஒரு மழைக்காலத்தில் அலமாரிப் பக்கத்துச் சுவர் ஒழுகி, வாப்பா காலத்துப் பழைய பிரதிகள் கட்டோடு ஊறிவிட்டன. ஒன்றொன்றாகப் பிரித்து வராந்தாவில் காயப்போட்டபோது பார்த்தேன்: எழுத்திலிருந்து நீலம் மட்டும் தனியாகக் கழன்று தாளின் கீழ் ஓரத்தில் போய்த் தேங்கியிருக்கிறது, எழுத்து எழுதிய இடத்திலேயே கறுப்பாக நிற்கிறது. நான்கெல்லை ஒரு எழுத்து விடாமல் வாசிக்க முடிந்தது. அதுதான் பழைய புளூ பிளாக், இரும்பு மை. அதில் இருக்கிற நீலச் சாயம் எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்காகச் சேர்ப்பது. நிஜமான எழுத்து, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து காற்றுப் பட்டுக் கறுத்து நாருக்குள்ளேயே கரையாமல் இறுகிப் போவது. துவர்ப்புக்குக் கடுக்காயையும் இரும்புக்கு அன்னபேதியையும் சேர்த்து நம் ஆட்கள் காய்ச்சியதும் இதே சமாச்சாரம்தான். டீச்சர் சொல்கிற கரித்துகள் எதுவும் அதில் கிடையாது, ஆனாலும் தண்ணீருக்கு நின்றது. அடைப்பும் பிக்மெண்ட் மை அளவுக்கு வராது.

உச்சிப்புளி டிராயிங் டீச்சர்

கீழக்கரைக் காக்கா, பத்திரத்துக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். படத்துக்கு மேல் தண்ணீர் வண்ணம் பூசும்போது அந்தக் கழன்ற நீலம் எங்கே போகும்? படகின் மேல்தான் போகும். அதோடு இரும்பு மைக்குப் புளிப்பு உண்டு, சாதாரண ஸ்டீல் நிப்பில் மாதக்கணக்கில் விட்டால் அரித்துவிடும்.

கீழக்கரை பத்திரம்

மாதக்கணக்கில் எழுதாமல் எதற்குப் பேனாவில் மை வைத்திருக்க வேண்டும்?

தெற்குவாடி

நான் கடை மையைப் பற்றிச் சொல்ல வரவில்லை, கணவாய் மையைப் பற்றி. எங்கள் வீட்டில் எல்லோரும் கடல் தொழில். ஓட்டுக்கணவாய் சுத்தம் செய்கிற இடத்தில் பை உடைந்து அம்மாவின் சேலையில் பட்ட கறை எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை, அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. உலகத்தில் செபியா நிறம் என்று சொல்வதே இந்தக் கணவாயிலிருந்து வந்ததுதான், அதுவும் சாயம் இல்லை, நம் முடியில் இருக்கிற மெலனின் வகைத் துகள்.

பைகளைக் கீறி, நாற்றம் போக நன்றாக அலசி, வெயிலில் காயவைத்துப் பொடித்தேன். கருவேலம் பிசினைக் கரைத்துச் சேர்த்து, மூங்கில் குச்சியைச் சீவித் தொட்டு எங்கள் விசைப்படகை வரைந்தேன். நிறத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், கோடு கனமாக விழுந்த இடத்தில் கருங்காப்பி நிறம், குச்சி காய்ந்து தேய்ந்த இடத்தில் பொன் கலந்த பழுப்பு, எந்தப் புட்டியிலும் அந்த நிறம் நான் பார்த்ததில்லை. நன்றாகக் காயவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினேன். டீச்சர் சொல்கிற மாதிரி காயாத கேஸ் இல்லை இது, நாள் கணக்கில் காய்ந்தது. முழுப் படகும் எழுந்து தாளை விட்டுப் போய்விட்டது. பிசின் திரும்பவும் தண்ணீரில் கரையக்கூடியது, அது கரைந்ததும் துகளுக்குப் பிடிமானம் இல்லை.

அப்புறம் தச்சு வேலைக்காரர்கள் பாலிஷுக்கு வாங்குகிற அவலரக்கை வெண்காரம் போட்ட வெந்நீரில் கரைத்து, பிசினுக்குப் பதிலாக அதைச் சேர்த்தேன். காய்ந்த கோட்டின் மேல் தண்ணீர் உருண்டு நிற்கிறது, உள்ளே இறங்கவே இல்லை. இந்தியன் இங்க் பலவற்றிலும் இந்த அரக்கு முறைதான். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: அலசாத பச்சை மை சேலையில் பிசினும் இல்லாமல் அரக்கும் இல்லாமல் எப்படிப் பிடித்தது? யாராவது சொல்லுங்கள்.

ஸ்பெசிமன் ஜாடி

மண்டபம் பக்கம் கடல் உயிரியல் படித்த காலத்தில் நடந்தது. மாதிரி ஜாடிக்குள் ஆல்கஹாலோடு சேர்த்து லேபிள் சீட்டையும் உள்ளேயே போட்டுவிடுவோம். வெளியே ஒட்டினால் உப்புக்காற்றில் பசை உரிந்துவிடும். யாரோ அவசரத்தில் பால்பாயிண்டில் எழுதிப் போட்ட ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஆல்கஹால் முழுக்க ஊதா, உள்ளே சீட்டு பளிச்சென்று வெள்ளையாக மிதக்கிறது. எந்தத் தீவு, எந்தத் தேதி, என்ன ஆழம், எதுவும் இல்லை. மன்னார் வளைகுடாவில் எங்கிருந்தோ வந்த ஒரு நண்டு, அவ்வளவுதான், அதை வைத்து இனி எதுவும் எழுத முடியாது. பக்கத்து ஜாடியில் கார்பன் மையில் எழுதிய ரொம்பப் பழைய சீட்டு, எழுத்து நேற்று எழுதியது போல இருந்தது. பால்பாயிண்ட் மை தண்ணீருக்குத் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆல்கஹாலில் கரையும் என்பதை அந்த ஜாடிதான் எனக்குக் காட்டியது. அதனால் இப்போது எந்தப் புது மை வாங்கினாலும் தண்ணீரோடு நிறுத்தாமல் ஸ்பிரிட்டிலும் ஒரு சீட்டைப் போட்டுப் பார்க்கிறேன்.

தேவிபட்டினம் எபோனைட்

தெற்குவாடித் தம்பிக்கு முதலில். பச்சை மையோடு கணவாயின் கோழையும் வரும், புரதமும் வரும். அது காய்ந்து இறுகுவதே ஒரு பசை. நீங்கள் நாற்றம் போக அலசியதில் அந்தப் பசையும் சேர்ந்து போயிருக்கும். சேலையில் பட்டது அலசாத மை, நூலுக்குள் புகுந்து காய்ந்துவிட்டது. உங்கள் அரக்கு மை அருமையான வேலை, சந்தேகமே இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் அதைப் பவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். நிப்புக்கு மை கொண்டுவருகிற ஃபீடுக்குள் அரக்கு காய்ந்தால் தண்ணீரால் திரும்பக் கரையாது, பேனா போனது போனதுதான். கடையில் டிராயிங் இங்க் என்று விற்கும் இந்தியன் இங்க்கும் தொட்டு எழுதும் நிப்புக்குத்தான். பவுண்டன் பேனாவுக்கென்றே செய்த பிக்மெண்ட் மை தனி: பிளாட்டினம் கார்பன், செய்லர் கிவாகுரோ, டி அட்ராமெண்டிஸ் டாக்குமெண்ட் இப்படி. அவற்றில் துகள் மிக நுண்ணியது, அரக்கு கிடையாது.

என் கதை சின்னது. கார்பன் மை போட்ட பேனாவைக் கழுவுவதற்காக டம்ளரில் எங்கள் போர் தண்ணீரைப் பிடித்து நிப்பை முக்கினேன். மை நூலாக இறங்கி, அடியைத் தொடுவதற்குள் பால் திரிகிற மாதிரி திரிந்து, பொடிப்பொடியாகக் கறுப்பு மிதக்க ஆரம்பித்தது. பக்கத்திலேயே கேன் தண்ணீர் டம்ளர், அதில் ஒரே சீரான சாம்பல் நிறமாகக் கலந்தது. இதைத்தான் இங்கே யாருமே பேசவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. டீச்சர் காய்வதைப் பற்றியே சொல்கிறார், அது தாளில் நடப்பது. பேனாவுக்குள் நடப்பது வேறு. கரித்துகள்கள் ஒரே வகை மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர் பட்டதும் அந்தத் தள்ளல் போய்க் கட்டி சேர்ந்துவிடும். ராமநாதபுரம் கரையோரத்தில் போர் போட்டால் என்ன தண்ணீர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பிக்மெண்ட் மை பேனாவை அடைக்கும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அடைத்தது மை இல்லை, கழுவிய தண்ணீர் என்பதுதான் என் எண்ணம்.

ஆகவே, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கழுவுவதற்குக் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்தது பரவாயில்லை, ஆர்ஓ கேன் தண்ணீர் அதைவிட நல்லது, எல்லாவற்றிலும் சிறந்தது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். மை இறுகத் தொடங்கிவிட்டால் அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு, அமோனியா ரொம்பக் கொஞ்சம் விட்டு ஊறவைத்து, ஊசி போடும் சிரிஞ்சால் தள்ளுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம், எபோனைட் என்கிற கெட்டி ரப்பர் பேனாவாக இருந்தால் கறுப்பு வெளிறிப் பச்சைப் பழுப்பாகிவிடும். ஸ்பிரிட்டும் வேண்டாம், ஸ்பெசிமன் ஜாடி சார் சொன்ன சோதனை சீட்டுக்கு மட்டும், சில பிளாஸ்டிக் பேனாவை ஆல்கஹால் வெடிக்கவைத்துவிடும். இரும்பு மை இருந்த பேனாவில் கழுவாமல் கார்பன் மை ஊற்றக்கூடாது, அதுவும் திரியும். மூடி இறுக்கமாக உள்ள பேனாவாகப் பாருங்கள், பிளாட்டினம் ப்ரெப்பி விலை குறைவு, அதன் உள்மூடி காற்றை நன்றாக அடைக்கும். உடம்பு நிறைய மை ஊற்றுகிற ஐட்ராப்பர் பேனாவைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் எப்போதும் நிறைய மையோடு வைத்திருங்கள், பாதி காலியாகிவிட்டால் கைச்சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து சொட்டிவிடும், தரவைப் பகுதி வெயிலில் எனக்கு அப்படி எங்கள் ஊர் நவபாஷாணக் கோயில் படம் ஒன்றே போனது.

உச்சிப்புளி டிராயிங் டீச்சர்

தாளில் நடப்பதைத்தானே கேட்டார், அதனால் தாளைப் பற்றிச் சொன்னேன். ஆனால் போர் தண்ணீர் விஷயம் எனக்குப் புதிது. எங்கள் பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணீரில்தான் பிள்ளைகள் தூரிகை கழுவுகிறார்கள், அதே தண்ணீரைத்தான் தொட்டுப் பூசவும் செய்கிறார்கள். நாளைக்கே இரண்டு டம்ளர் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

பாம்பன்கோடு

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதைக் குந்துகாலிலேயே சோதித்துவிட்டேன், வீட்டில் இல்லை. ஒரே தாளில் கால் மணிக்கு ஒரு கோடாகப் போட்டு, பக்கத்தில் நேரம் குறித்து, கடைசியில் எல்லாவற்றின் மேலும் ஒன்றாகத் தண்ணீர் ஊற்றினேன். கடைசி இரண்டு கோடு மட்டும் கலங்கியது, மற்றதெல்லாம் நின்றது. அதே மாதிரி வாட்டர்கலர் தாளில் செய்தபோது பாதிக்கு மேல் கலங்கியது. ஒரு தாளில் கடல் தண்ணீர், ஒரு தாளில் கேன் தண்ணீர் என்று பிரித்தும் பார்த்தேன், காய்ந்த கோட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் கடல் தண்ணீர் பட்ட தாள் மறுநாள் காலைவரை நமுத்தே கிடந்தது, அதன் மேல் புதிதாகப் போட்ட கோடு காயவே மாட்டேன் என்கிறது. தேவிபட்டினம் அண்ணே, பேட்டரி தண்ணீர் மருந்துக் கடையில் கேட்டால் இல்லை என்கிறார்கள், எங்கே வாங்குகிறீர்கள்?

தேவிபட்டினம் எபோனைட்

மருந்துக் கடையில் கேட்காதீர்கள் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரி சார்ஜ் போடுகிற எந்தக் கடையிலும் கிடைக்கும், கேனாகவே வாங்கிவிடுங்கள். சிவப்பு மூடி நீல மூடி என்று இரண்டு வைத்திருப்பார்கள், ஒன்று ஆசிட், தண்ணீர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.