ஜப்பானியச் சமையல் கத்தி: எதை வாங்குவது, எப்படித் தீட்டுவது?

நிஷிகசாய்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் வசிக்கும் நானும் என் கணவரும் வீட்டில் மாறி மாறிச் சமைக்கிறோம். பல்பொருள் அங்காடியில் வாங்கிய ஒரு மலிவான கத்தியையும், அலகைப் பிளவுக்குள் வைத்து இழுத்தால் கூராக்கித் தரும் சிறு கருவியையும் கொண்டே இதுவரை ஒப்பேற்றி வந்தோம். இழுத்த அன்று நன்றாக வெட்டுகிறது. சில நாள்களிலேயே தக்காளித் தோலின் மேல் வழுக்கத் தொடங்கிவிடுகிறது. நல்ல கத்திக்குப் பேர்போன நாட்டில் இருந்துகொண்டு இப்படி அல்லாடுவானேன் என்று, சமையலறைப் பொருள் கடைகள் நிறைந்த கப்பாபாஷி கடைத்தெருவுக்குப் போனோம். சந்தோகு, க்யூதோ, நகிரி என வடிவங்கள் ஒருபுறம். விஜி10, வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என எஃகு வகைகள் மறுபுறம். ஏறத்தாழ ஒரே நீளமுள்ள இரண்டு கத்திகளில் ஒன்றின் விலை 8,000 யென், மற்றதன் விலை 40,000 யென். இவ்வளவு வேறுபாடு ஏன் என்று விளக்கமாகக் கேட்கும் அளவுக்கு எங்களுக்கு ஜப்பானிய மொழி வராததால், வெறுங்கையோடு திரும்பினோம்.

அன்றாடம் வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், முட்டைக்கோஸ், கொத்தமல்லி நறுக்குகிறோம், அவ்வப்போது பூசணி, வார இறுதியில் முழு மீன் அல்லது எலும்போடு கோழி. வெட்டுவது கண்ணாடிப் பலகையில். கணவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். எங்களுக்கு எந்தக் கத்தி பொருந்தும்? தீட்டுக்கல்லைப் பழகித்தான் ஆக வேண்டுமா, ஆண்டுக்கு ஓரிரு முறை கடையில் கொடுத்தால் போதுமா?

சாணைக்கல்:

வணக்கம் சகோதரி. கத்தியைத் தேடுவதற்கு முன் அந்தக் கண்ணாடிப் பலகையை அப்புறப்படுத்திவிடுங்கள். கண்ணாடி சற்றும் இடங்கொடுக்காது. கூர்விளிம்பு ஒவ்வொரு வெட்டிலும் அதில் மோதி மடியும், எஃகு கடினமானதாக இருந்தால் பொடிப்பொடியாக உதிரும். கருங்கல் மேடைக்கும் பீங்கான் தட்டுக்கும் இதுவே பொருந்தும். ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரப்பலகை ஒன்றை வாங்குங்கள். மரம் வேண்டாமென்றால் இங்குள்ள உணவகங்களில் புழங்கும் ரப்பர் பலகையும் நல்லது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கத்தியானாலும் கண்ணாடிப் பலகையில் சில நாள்களுக்கு மேல் தாங்காது.

ஐரோப்பியச் சமையல் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவையில் பெரும்பாலும் 55 முதல் 58 வரை இருக்கும்; ஜப்பானியக் கத்திகள் பெரும்பாலும் 60-ஐத் தாண்டும். கடினமான எஃகு மெல்லிய கூரையும் தாங்கி நிற்கும் என்பதால், அங்கே ஒரு பக்கத்துக்கு 20 பாகை அளவில் தீட்டுவதை இங்கே 15 பாகை அளவில் தீட்டுகிறார்கள். வெங்காயம் கண்ணைக் கரிக்காமல் நழுவி விழுவதும், கொத்தமல்லி நசுங்கிக் கறுக்காமல் இருப்பதும் இந்த மெல்லிய கூரினால்தான். அதே காரணத்தால் இந்த அலகு பக்கவாட்டில் திருகுவதைப் பொறுக்காது. எலும்பு, உறைந்த இறைச்சி, தேங்காய் ஓடு எதன் மேலும் அதைப் போடக் கூடாது. ஜப்பானில் கத்தி பல் உதிர்வதற்கு, அதாவது விளிம்பு சில்லுச் சில்லாக உடைவதற்கு, பேர்போன காய் கபோச்சா பூசணி. அலகு அதில் சிக்கிக்கொண்டதும் கை தானாகவே திருகிவிடும், பல் போய்விடும். இங்குள்ள வீடுகளில் பூசணியை மைக்ரோவேவில் ஓரிரு நிமிடம் வைத்துத் தோல் இளகிய பிறகே பிளக்கிறார்கள்.

வடிவத்தில் உங்களுக்குச் சந்தோகு போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுச் சமையலுக்கென்றே பரவிய இந்த வடிவம் காய், மீன், இறைச்சி மூன்றுக்கும் உதவும். 165 முதல் 180 மில்லிமீட்டர் நீளம் டோக்கியோவின் குறுகிய சமையலறைக்கு அளவானது. மெய்ஜி காலத்தில் மேற்கத்திய உணவோடு வந்த க்யூதோ 210 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளும். பெரிய பலகை இருந்தால்தான் அதன் அருமை தெரியும். நகிரி காய்களுக்கு மிக நல்லது; ஆனால் முனை இல்லாததால் ஒரே கத்தி வைத்திருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

தெபா, யனகிபா, உசுபா ஆகிய மரபான கத்திகளை ஒரே பக்கமாகச் சாய்த்துத் தீட்டுகிறார்கள். கடைகளில் அடுக்கியிருப்பவை அநேகமாக எல்லாமே வலக்கைக்காரர்களுக்கானவை. இடக்கைக்கெனத் தனியாகச் செய்பவை உண்டு. ஆனால் விலை கூடுதல், பெரும்பாலும் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். ஒரே கத்தியை நீங்கள் இருவரும் புழங்கப் போவதால் இருபக்கமும் சாய்வுள்ளதையே எடுங்கள். அவற்றிலும் சிலவற்றை வலக்கைக்குத் தோதாக ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்த்திருப்பார்கள். ஆகவே இருபக்கமும் சமமாகத் தீட்டப்பட்டதா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

எஃகைப் பொறுத்தவரை விஜி10 உள்ள சந்தோகு நல்ல தொடக்கம். ஃபுகுய் மாநிலத்தின் எச்சிசென் நகரிலுள்ள தகெஃபு ஸ்பெஷல் ஸ்டீல் நிறுவனம் தயாரிக்கும் இந்த எஃகில் ஏறத்தாழ 1 விழுக்காடு கார்பனும் 15 விழுக்காடு குரோமியமும் சிறிதளவு கோபால்ட்டும் உள்ளன. எளிதில் துருப்பிடிக்காது, கூரும் நெடுநாள் நிற்கும். நிகாதாவின் ட்சுபமே, சான்ஜோ பகுதியிலோ கிஃபுவின் செகி நகரிலோ செய்யப்பட்ட, நடுவில் இந்த எஃகும் இருபக்கமும் வேறு எஃகும் வைத்த மூன்றடுக்குச் சந்தோகு 10,000 யென்னை ஒட்டிய விலையில் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி கையால் அடித்து மெலிதாக்கிய வேலைக்கும் நல்ல பிடிக்கும் போகிறது. பெரும்பகுதி அலகின் மேலுள்ள அலையலையான டமாஸ்கஸ் கோலத்துக்குப் போகிறது. கோலம் பார்க்க அழகுதான், ஆனால் வெட்டுவது நடுவிலுள்ள எஃகு.

பழைய கத்தியைத் தூக்கி எறியாதீர்கள். மீனின் முதுகெலும்பையும் கோழியின் எலும்பையும் வெட்டுவதற்கு அதுவே சரியான ஆள்.

இரும்புப்பித்தன்:

சாணைக்கல் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். விஜி10-ஐ நல்ல தொடக்கம் என்றதில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. தீட்டப் பழகுகிறவர் கார்பன் எஃகில் தொடங்குவதே எளிது. ஷிமானே மாநிலத்தின் யசுகியில் உருவாகும் வெள்ளைக் காகித எஃகில் இரும்பும் கார்பனும் தவிர வேறு பொருள் மிகக் குறைவு. கல்லில் வைத்துச் சிறிது நேரம் தேய்த்தாலே கூர் பிறக்கும். தீட்டும்போது விளிம்பில் எழும் மெல்லிய உலோகப் பிசிறும் சுத்தமாக விழும். விஜி10-இல் அந்தப் பிசிறு விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருப்பதால், புதிதாகப் பழகுகிறவர் கூர் வந்துவிட்டதென நம்பி ஏமாறுகிறார். சமைக்கத் தொடங்கியதும் பிசிறு மடிந்து, மீண்டும் மழுங்கல். அதே யசுகியிலிருந்து வரும் நீலக் காகித எஃகில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ந்திருப்பதால் கூர் இன்னும் சற்று நெடுநாள் நிற்கும். தீட்டுவதற்கு வெள்ளையைவிடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதற்கான விலை துரு. எலுமிச்சையோ புளியோ பட்ட அலகை அப்படியே வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனால் திரும்புவதற்குள் கறை படிந்திருக்கும். புதிய அலகில் வெங்காயம் நறுக்கினால் தொடக்க வாரங்களில் வெங்காயமே பழுப்பேறுவதும் உண்டு. நாளடைவில் அலகின் மேல் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு படலம் படிகிறது. அது துருவன்று, துருவைத் தடுப்பது, ஆகவே அதைத் தேய்த்துப் போக்க வேண்டாம். வேலை முடிந்தவுடன் கழுவி உலரத் துடைத்தால் போதும். ஜூன் மாத மழைக்காலத்தில் மட்டும் ஒரு துளி காமேலியா எண்ணெய் தடவி வைக்கலாம்.

துடைக்கும் பழக்கம் வருமா என்ற ஐயம் இருந்தால் நடுவழி ஒன்று உண்டு. நடுவில் நீலக் காகித எஃகும் இருபக்கமும் துருப்பிடிக்காத எஃகும் வைத்து அடித்த கத்திகளில் விளிம்பின் சில மில்லிமீட்டர் மட்டுமே துருப்பிடிக்கக்கூடியது.

நிஷிகசாய்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வீட்டில் இருவரில் ஒருவர் துடைக்க மறப்பவர். யாரென்று இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும். எனவே விஜி10 சந்தோகு என்று முடிவு செய்துவிட்டோம், ஹினோகிப் பலகையும் வாங்கப் போகிறோம். தீட்டுக்கல் எத்தனை வேண்டும், எந்த எண், எப்படித் தீட்டுவது என்று யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா? எஃகுக் கோலில் தேய்த்துக் கூராக்குவதைக் காணொளிகளில் பார்க்கிறோம், அது போதாதா?

ஒசாகா அடுக்களை:

ஒசாகாவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். பக்கத்திலுள்ள சகாய் நகரில் ஒருவர் அலகை அடிப்பார், வேறொருவர் தீட்டுவார், மற்றொருவர் பிடி மாட்டுவார். தீட்டுவதே அங்கே தனித் தொழில். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

முதலில் கோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வரிவரியாகக் கோடு போட்ட எஃகுக் கோல், மடிந்த விளிம்பை நிமிர்த்துவதற்கானது. மென்மையான ஐரோப்பிய எஃகுக்கு அது உதவும். 60-க்கு மேல் கடினமான அலகு மடிவதைவிட உடைவதே அதிகம் என்பதால், அந்தக் கோல் அதில் பல் உதிர்க்கும். இழுத்துத் தீட்டும் கருவியும் அப்படித்தான்: கோணத்தை அதுவே தீர்மானித்துக்கொண்டு விளிம்பைச் சுரண்டி எடுக்கிறது.

கல் ஒன்று போதும்: 1000 எண் கொண்ட நடுத்தரக் கல். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று வரும் இரட்டைக் கல் வாங்கினால் இன்னும் வசதி. 400-உம் அதற்குக் கீழும் உள்ள முரட்டுக் கற்கள் பல் உதிர்ந்த அலகைச் சீர்செய்வதற்கானவை, இப்போது வேண்டாம். கிங் போன்ற பெயர்களில் விற்கும் கற்களைக் குமிழி அடங்கும் வரை, அதாவது பத்து பதினைந்து நிமிடம், நீரில் ஊறவைக்க வேண்டும். ஷாப்டன் போன்றவற்றின் மேல் நீர் தெளித்தாலே போதும். சில கற்களை நெடுநேரம் ஊறவைத்தால் அவை வெடித்துப்போகும் என்பதால் பெட்டியிலுள்ள குறிப்பைப் படித்துவிடுங்கள்.

கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரித்து, அது நகராதபடி வையுங்கள். கூர்ப்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கத்தியைக் கல்லின் மேல் சாய்வாகக் கிடத்தி முதுகைச் சற்றே தூக்குங்கள். 45 மில்லிமீட்டர் உயரமுள்ள அலகுக்கு 15 பாகை வேண்டுமானால் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரம் கையில் படியும் வரை ஓர் உபாயம்: விளிம்பையொட்டிக் கறுப்பு மார்க்கர் பேனாவால் கோடு இழுத்து நாலைந்து முறை தேய்த்துப் பாருங்கள். மை விளிம்பு வரை அழிந்திருந்தால் கோணம் சரி; மேற்புறம் மட்டும் அழிந்திருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது; விளிம்பின் நுனியில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள்.

இடக்கை விரல்களால் விளிம்புக்கு அருகில் அழுத்தி, தள்ளும்போது அழுத்தமும் இழுக்கும்போது தளர்வுமாக, முனையிலிருந்து அடிவரை பகுதி பகுதியாகத் தேயுங்கள். கல்லின் மேல் ஊறும் கறுஞ்சேற்றைக் கழுவிவிடாதீர்கள், தீட்டுவதில் அதற்கும் பங்குண்டு. உலர்ந்தால் சில துளி நீர் விடுங்கள். சிறிது நேரத்தில் மறுபக்க விளிம்பில், விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல நகர்த்தினால் தட்டுப்படும் அளவுக்கு, பிசிறு எழும். தொடக்கக்காரர்கள் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். பிசிறு முனை முதல் அடிவரை ஒரே சீராக எழுந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். எங்கே எழவில்லையோ அங்கே கூர் இன்னும் பிறக்கவில்லை. மறுபக்கத்துக்குக் கூர்ப்பக்கம் உங்களுக்கு அப்பால் பார்த்திருக்கும், அழுத்தமும் இழுக்கும்போது வரும். அங்கும் பிசிறு எழுந்ததும், அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து இருபக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்து அதைக் கழிக்க வேண்டும். இரும்புப்பித்தன் சொன்னதுபோல் விஜி10-இல் இது நேரம் பிடிக்கும். 6000 கல்லில் மிக மென்மையாகச் சில தடவையும், பிறகு பலகையில் விரித்த செய்தித்தாளின் மேல் முதுகு முன்செல்லச் சில தடவையும் இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். உங்கள் கணவர் தீட்டும்போது இவற்றில் கைகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

கல் நடுவில் குழிந்தால் கோணம் நிலைக்காது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத் தகட்டில் கோடுகள் முழுதும் அழியும் வரை தேய்த்தால் மட்டம் திரும்பிவிடும். இதைப் பலரும் தள்ளிப்போட்டுவிட்டுக் கத்தியின் மேல் குறை சொல்கிறார்கள்.

எப்போது தீட்டுவது என்பதற்குத் தக்காளித் தோலே அளவு. மரப்பலகையில் வீட்டுச் சமையல் என்றால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கல்லைத் தொட வேண்டியிருக்கும்.

சாணைக்கல்:

கடையில் கொடுப்பதைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை கொடுப்பது நல்லதுதான். பலமுறை தீட்டி விளிம்பு மேலேறியதும் அலகு தடித்துவிடும், அதை மெலிதாக்குவது வீட்டில் கடினமான வேலை. ஆனால் அதற்கிடைப்பட்ட மாதங்களுக்குக் கல் வேண்டும். கொடுக்கும்போது நீர்க்கல்லில் தீட்டும் கடையாகப் பாருங்கள். நீரில்லாத விரைவுச் சக்கரத்தில் விளிம்பு எளிதாகச் சூடேறும். கார்பன் எஃகு ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் பதமேற்றப்பட்டது என்பதால் அதற்கு மேல் சூடானால் பதம் போய் மென்மையாகிவிடும். ஊருக்குக் கொண்டுபோனாலும், தெருவில் வரும் உலர்சாணைக்கு இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள அலகைத் தக்க காரணமின்றி உடன் எடுத்துச் செல்வது ஜப்பானியச் சட்டப்படி குற்றம். வாங்கி வருவதும் தீட்டக் கொடுப்பதும் தக்க காரணங்களே. ஆனாலும் பெட்டியில் போட்டு, கட்டிப் பையின் அடியில் வைத்து நேராக வீட்டுக்கு வாருங்கள். விமானத்தில் போகும்போது கையோடு கொண்டுபோகாமல், விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் மட்டுமே வைக்க வேண்டும். கப்பாபாஷிக்கு நிஷிகசாயிலிருந்து தோசாய் தடத்தில் நிஹோம்பாஷி வந்து, கின்சா தடத்துக்கு மாறித் தவராமாச்சியில் இறங்கலாம். சில கடைகளில் அலகின் மேல் பெயர் பொறித்துத் தருவார்கள். வேண்டுமானால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.